அம்மாவுடன் ஒரு நாள் பட்டணத்தில்

நீங்கள் உங்கள் அம்மாவை எங்கேயாவது அழைத்துக்கொண்டு போய் எத்தனை நாளாயிற்று? கல்யாணத்துக்கு, சீமந்தத்துக்கு, டாக்டரிடம் காட்டுவதற்கு என்று போனதெல்லாம் கணக்கில் சேராது. ஒரு காரியமும் இல்லாமல், "வா அம்மா, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்பிப் போனது எப்போது? யோசித்துப் பாருங்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு நாள் இல்லவே இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவைச் செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வாசகியரிடம் பொய் சொல்வது தர்மமல்ல. அது ஒரு சதி. நானும் புனாவில் வேலை பார்க்கும் என் தம்பியும் டெலிபோனில் பேசிப் பேசித் தீட்டிய சதி.

அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. கிணறும் வேப்பமரமும் உள்ள பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். போன ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். அதை எங்களிடம் சொன்னது பத்து நாள் கழித்து. அதுவும் அவளாகச் சொல்லவில்லை, எதிர் வீட்டுப் பாட்டி சொல்லித் தெரிந்தது. அன்றிலிருந்து இரவில் டெலிபோன் மணி அடித்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

"என்னோடு பட்டணத்துக்கு வந்து இரு அம்மா" என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. அம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பார்க்கலாம்." நம் தாய்மார்களின் அகராதியில் 'பார்க்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று பொருள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே, ஒரு நாள் பட்டணத்தின் அழகையெல்லாம் காட்டிவிட்டால் அம்மாவின் மனம் இளகிவிடும் என்று முடிவு செய்தோம். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை பார்க்க வேண்டிய ஒன்பது இடங்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பரீட்சைக்குப் போகும் மாணவி கூட அவ்வளவு சிரத்தையாகத் தயார் செய்திருக்க மாட்டாள்.

சிங்கம் வந்த கதை

காலை ஆறு மணிக்குச் செங்கற்பட்டில் மின்சார ரயில் ஏறினோம். வண்டி நிலையத்தை விட்டு நகர்ந்ததுமே கொளவாய் ஏரி வந்துவிடும். தண்ணீரின்மேல் பனி படர்ந்திருந்தது. தினமும் அதன் கரையில் வாழ்கிறவள், புதிதாகப் பார்ப்பவளைப் போல் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

பெண்கள் பெட்டி என்பது ஒரு தனி ராஜ்யம். ஒருத்தி மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் ஆய்கிறாள், ஒருத்தி பூத்தொடுக்கிறாள், காலேஜ் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை உருப்போடுகிறாள். பரனூர் தாண்டிச் சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள், பூத்தொடுத்தவளின் மூத்த மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம் பார்க்கிறார்கள் என்பது வரை அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் பத்து வருஷமாக இதே தடத்தில் போய் வருகிறேன். ஒருத்தியின் பேர் கூட எனக்குத் தெரியாது.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அம்மா சிறுமியாக இருந்தபோது இது 'மீட்டர் கேஜ்' என்ற குறுகிய பாதை. அந்தக் குறுகிய பாதையில், 1965-ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், அவள் தன் அப்பாவோடு பட்டணம் பார்க்க வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை சென்னைக்கு வந்ததுண்டு. ஆனால் அதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் என் வீட்டுக்கும்தான். 'பார்க்க' வந்தது அந்த ஒரே தடவை.

"அன்னிக்கு என்னென்ன பார்த்தே?" என்று கேட்டேன்.

"செத்த காலேஜ், உயிர்க் காலேஜ், மூர் மார்க்கெட், பதினாலு மாடிக் கட்டடம், கடல்" என்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

இந்தக் காலத்துப் பெண்களுக்காக ஒரு விளக்கம்: அந்த நாளில் சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் சொல்வார்கள். அங்கே பாடம் பண்ணி வைத்த பிராணிகள், இங்கே உயிருள்ள பிராணிகள்! உயிர்க் காலேஜ் அப்போது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. 1985-ஆம் ஆண்டு அதை வண்டலூருக்கு மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டில் மூர் மார்க்கெட்டும் தீக்கிரையாயிற்று. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் நிற்கின்றன.

வண்டி வண்டலூரில் நின்றபோது இதைச் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"பார்த்தாயா! இவள் எதுக்குப் பட்டணம் வரணும்னு சிங்கமே எங்க ஊர்ப் பக்கம் வந்துட்டுது."

"பஸ் ஸ்டாண்டும் வந்துவிட்டது" என்றாள் பூக்காரி. கிளாம்பாக்கத்தில் 2023-ஆம் ஆண்டின் கடைசியில் திறந்த பெரிய பேருந்து நிலையத்தைச் சொல்கிறாள்.

"அப்படிச் சொல்லு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் கடலும் வந்துடும்" என்றாள் அம்மா.

பெட்டி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சதி தொடங்கும்போதே தோற்கிறதே என்று உள்ளுக்குள் எனக்குக் கவலைதான். பேச்சை மாற்ற பிளாஸ்க்கைத் திறந்து காப்பியை நீட்டினேன். "வேண்டாம். இப்பத்தானே கிளம்பினோம்" என்று தள்ளிவிட்டாள். காப்பியை வேண்டாமென்று சொல்கிற அம்மா! அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தாகமில்லை

எழும்பூரில் இறங்கினோம். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் அந்த ஸ்டேஷன் 1908-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து மியூசியம் பக்கம்தான். 1851-ஆம் ஆண்டில் தோன்றிய மியூசியம் அது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா முதலில் தேடியது திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை. "இது அப்போ இன்னும் பெரிசா இருந்துதே" என்றாள். திமிங்கலம் அப்படியேதான் இருக்கிறது. பார்த்த சிறுமிதான் வளர்ந்துவிட்டாள். அமராவதியிலிருந்து கொண்டு வந்த பௌத்தச் சிற்பங்களின் முன்னால், கல்லில் செதுக்கியிருந்த பெண்களின் கொண்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எப்படி முடிஞ்சிருக்காங்க பாரேன்! இதுக்கு எத்தனை நாழி ஆகியிருக்கும்?" என்று வியந்தாள். இந்தக் கேள்வியை எந்தச் சரித்திரப் பேராசிரியரும் கேட்டு நான் கண்டதில்லை.

வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்கு வந்தோம். திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராஜர் அங்கேதான் இருக்கிறார். அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். "இது கோயில் இல்லை அம்மா" என்றேன். "சாமிக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள்.

வெளியே வரும்போதுதான் அது நடந்தது. படியில் ஒரு கால் வைத்தவள் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அங்கே காவல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி ஓடி வந்தாள். நாற்காலி கொண்டு வந்து போட்டாள். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டே, என்னைக் கேட்காமல் அம்மாவையே நேராகக் கேட்டாள்:

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நேத்து ராத்திரி" என்றாள்.

"வழியிலே ஒதுங்க இடம் கிடைக்காதுன்னு பயமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. குற்றம் செய்துவிட்டுப் பிடிபட்ட குழந்தையைப் போலப் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கே வர்ற அம்மாங்க நிறையப் பேர் இப்படித்தான்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள் அந்தப் புண்ணியவதி. "டாய்லெட் அந்தப் பக்கம் இருக்கு. முதல்லே அதைக் காட்டிட்டு அப்புறம் சாமியைக் காட்டுங்க."

வாசகியரே, அந்த ஒரு வாக்கியம் என்னைக் குத்திய குத்து இருக்கிறதே! ஒன்பது இடங்களை எழுதினேன். எந்த இடத்தில் எந்தச் சிற்பம், எந்த ஆண்டில் எந்தக் கட்டடம் என்றெல்லாம் எழுதினேன். அம்மா எங்கே உட்காருவாள், எங்கே கால் அலம்புவாள் என்று ஒரு வரி எழுதவில்லை.

நீங்களும் வெளியூர் கிளம்பினால் இதைத்தானே செய்கிறீர்கள்? காலையிலிருந்து தொண்டையை நனைப்பதில்லை. "தாகமில்லை" என்று ஒரு பொய். நம் பாட்டியும் செய்தாள், அம்மாவும் செய்கிறாள், நாமும் செய்கிறோம். இளம் வயதில் உடம்பு பொறுத்துக்கொள்ளும். வயதானால் தாக உணர்ச்சியே குறைந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் தண்ணீரையும் நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சிறுநீர்த் தாரையில் தொற்றும் வரும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கைதான்.

ஆகையால் அம்மாவையோ மாமியாரையோ வெளியே அழைத்துப் போகும்போது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலுக்கு முன்னால் வேறொரு பட்டியல் போடுங்கள். மெட்ரோ ரயில் நிலையங்களில் கழிப்பறை உண்டு, லிப்டும் உண்டு. மியூசியத்தில் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது ருசியை மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், "எனக்குப் போக வேண்டும், நீயும் வா" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போங்கள். நம் அம்மாக்கள் தங்களுக்கென்று கேட்க மாட்டார்கள். நமக்காக என்றால் உடனே எழுந்து வருவார்கள்.

பதினாலு மாடி

அரை மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்க்கில் இருந்த காப்பியை அம்மா குடித்தாள். நான் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டேன்.

"இப்போ நீ சொல்லு. எங்கே போகணும்?"

"பதினாலு மாடி" என்றாள், ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல்.

எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கினால் போதும். 2015-ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓட ஆரம்பித்த மெட்ரோ, 2018-இல் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும், 2019-இல் அண்ணா சாலைக்கும் பூமிக்கு அடியில் வந்து சேர்ந்தது. நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் அம்மா ஓரடி பின்வாங்கினாள். "எனக்கு லிப்டே போதும். நகராத படியிலேயே இன்னிக்கு நல்ல பேர் வாங்கியாச்சு" என்றாள். கேலி பேசுகிறாள் என்றால் உடம்பு தேறிவிட்டது என்று எனக்கு நிம்மதியாயிற்று.

மேலே வந்து எதிரே நிமிர்ந்து பார்த்தாள். 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது எல்.ஐ.சி. கட்டடம்தான் இந்தியாவிலேயே உயரமான கட்டடம். ஊர் ஊராக ஜனங்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அதைவிட உயரமானவை சென்னையில் எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும் அம்மா விரலை நீட்டி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு மாடியாக எண்ணினாள். நடுவில் ஒரு பஸ் மறைத்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள், பொறுப்பை ஒப்படைத்தவளைப் போல.

பக்கத்துத் தெருவில் ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். இலை போட்டுச் சாதம் வந்தது. ரசத்துக்கு வரும்போது அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"உன் தாத்தா தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா. அன்னிக்கு மூர் மார்க்கெட்டிலே பழைய புஸ்தகக் கடையிலே எனக்கு ஒரு அட்லாஸ் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு ஹோட்டலுக்கு அழைச்சுண்டு போனார். எனக்கு இட்லி, காப்பி. அவருக்குப் பசியில்லைன்னார். சாயங்காலம் ரயில்லே பக்கத்திலே இருந்தவர் ஒரு பிடி வேர்க்கடலை கொடுத்தார். அதைத் தோலைக்கூட உடைக்காமே அப்படியே மென்னு தின்னார். நான் 'தோலை எடுக்கலையேப்பா'ன்னு சிரிச்சேன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"அவர் கிட்ட ரெண்டு பேர் சாப்பிடக் காசு இல்லேன்னு, நீ பொறந்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவுக்குப் பசியில்லை, அம்மாவுக்குத் தாகமில்லை. இந்தப் பொய்கள் எங்கள் குடும்பச் சொத்துப்போல் இருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் இருக்கும். யாராவது ஒருத்தர் கேட்டு வெளியே கொண்டு வந்தால்தான் இவை நிற்கும்.

மரப்பாதை

கடற்கரைக்கு பஸ்ஸில் போகலாம் என்று அம்மா சொன்னாள். 2021-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதல்லவா? கண்டக்டர் கொடுத்த காசில்லாச் சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் பத்திரப்படுத்தினாள். எதிர் வீட்டுப் பாட்டியிடம் காட்ட வேண்டுமாம்.

வாலாஜா சாலையின் முடிவில் இறங்கினால் எதிரே உழைப்பாளர் சிலை. தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்ற சிற்பி செய்து, 1959-ஆம் ஆண்டில் வைத்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். "அறுபது வருஷம் ஆச்சு. இன்னுமா நகர்த்தி முடிக்கலே?" என்றாள் அம்மா.

மெரினாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் கவர்னர் கிராண்ட் டப். 1884-ஆம் ஆண்டில் இங்கே உலாவும் சாலையை அமைத்தவரும் அவர்தான். ஆனால் அந்தச் சாலையிலிருந்து அலைவரைக்கும் எவ்வளவு மணல்! முட்டி வலிக்காரர்களுக்கு மணலில் நடப்பதைப்போல் தண்டனை வேறில்லை. அம்மாவின் வலது முட்டி மூன்று வருஷமாகவே சரியில்லை. "தூரத்திலிருந்தே பார்த்துட்டுப் போயிடலாம்" என்றாள்.

நல்ல வேளையாக எனக்கு ஒன்று தெரியும். இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே, சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கடலை நெருங்க வேண்டும் என்று மாநகராட்சி ஒரு மரப்பாதை போட்டிருக்கிறது. 263 மீட்டர் நீளம். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்திவிட்டது. பிறகு பழுது பார்த்தார்கள். ஆட்டோ பிடித்து அங்கே போனோம். இரு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. எங்களுக்கு முன்னால் ஒரு பையன் தன் தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். அம்மா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு மெள்ள மெள்ள நடந்தாள்.

பாதை முடிந்ததும் கொஞ்ச தூரம்தான் மணல். ஈர மணலில் நின்றோம். மெரினாவில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓர் அலை வந்து அம்மாவின் பாதத்தை மூடிவிட்டுத் திரும்பிப் போயிற்று. காலடியில் மணல் நழுவியதும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது.

"ஊர் நன்றாகத்தானே இருக்கிறது அம்மா? என்னோடு வந்துவிடேன்."

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உன் காகிதத்திலே ஒன்பது இடம் இருந்துதே, அதிலே உன் வீடு ஏன் இல்லே?"

எனக்கு வாயடைத்துப்போயிற்று. நான் இருப்பது மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. அடுக்களையில் இரண்டு பேர் நிற்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"நீ எட்டரைக்குக் கிளம்பினா ராத்திரி எட்டு மணிக்கு வரே. நடுவிலே நான் யாரோட பேசறது? அந்தச் சுவரோடயா? அங்கே எனக்குப் பால்காரி இருக்கா, கீரைக்காரி இருக்கா. எதிர் வீட்டுப் பாட்டிக்குக் கண் தெரியலே. வாரா வாரம் நான்தான் தொடர்கதை படிச்சுக் காட்டணும். கதாநாயகிக்குக் கல்யாணம்கூட இன்னும் முடியலே. பாதியிலே விட்டுட்டு வர முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை; கோபம்தான் வந்தது. "மறுபடி கிணற்றடியில் விழுந்தால்? பாட்டியா தூக்குவாள்? பத்து நாள் எங்களிடம் சொல்லாமல் இருந்தாயே!" என்று கத்தியே விட்டேன். சுண்டல் விற்கும் பையன் திரும்பிப் பார்த்தான்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "சொல்லாதது தப்புதான்" என்றாள். "சொன்னா உடனே மூட்டை கட்டச் சொல்லுவியேன்னு பயம். அதனாலே மறைச்சேன்."

அதைக் கேட்டு என் கோபம் அடங்கிவிட்டது. அவள் மறைத்ததற்கு என் வற்புறுத்தலும் ஒரு காரணம் என்பது எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை.

பேச்சு வார்த்தை

ஒரு பொட்டலம் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் இதுதான். உங்களில் யாருக்காவது பயன்படலாம் என்று விவரமாக எழுதுகிறேன்.

கிணற்றடியில் பாசி பிடிக்காதபடி சொரசொரப்பான கல் பாவ வேண்டும். குளிக்கும் அறையிலும் கழிப்பறையிலும் சுவரில் கைப்பிடி போட வேண்டும். வாசல் சாவி ஒன்று எதிர் வீட்டில் இருக்கும். காலையில் ஒரு தரமும் ராத்திரி ஒரு தரமும் அம்மா டெலிபோன் செய்வாள். விழுந்தாலும் தடுக்கினாலும் அன்றைக்கே சொல்வாள். முட்டியை டாக்டரிடம் காட்ட அடுத்த மாதம் வருவாள். தண்ணீர் குடிப்பாள்.

என் பங்குக்கு, இனி 'வந்துவிடு, வந்துவிடு' என்று நச்சரிக்க மாட்டேன். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை நான் அங்கே போவேன். வீட்டில் என்ன குறை என்று சோதிக்க அல்ல, தங்கிவிட்டு வர.

"என்னாலே முடியாத காலம் வரும். அப்போ நீ கேக்க வேண்டாம், நானே சொல்றேன்" என்றாள் அம்மா. "ஆனா அதுக்குள்ளே படி ஏறாத வீடா ஒண்ணு பார்த்து வை. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலே இருக்கட்டும். நான் வந்தாலும் ஊருக்குப் போய் வரணுமில்லே?"

பத்து வருஷமாக மூன்றாவது மாடியில் ஏறி இறங்கும் எனக்கு இந்த யோசனை தோன்றியதே இல்லை. அம்மாவைக் கேட்காமல் அவளுக்காக நானும் தம்பியும் எத்தனை மணி நேரம் டெலிபோனில் பேசியிருப்போம்! அவளிடமே கேட்டிருந்தால் ஒரு பொட்டலம் சுண்டல் தீர்வதற்குள் முடிந்திருக்கும்.

எழும்பூரில் மறுபடியும் ரயில் ஏறினோம். கூட்டம் அதிகம், ஒரு சின்னப் பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். சைதாப்பேட்டை தாண்டியதும் அம்மா தானாகவே தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். வண்டலூரில் வெளியே எட்டிப் பார்த்து, "சிங்கம் தூங்கியிருக்கும்" என்றாள். பிறகு அவளும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். 1965-இல் தாத்தாவின் மடியில் அவள் இப்படித்தான் தூங்கிக்கொண்டு போயிருப்பாள்.

பரனூரில் விழித்துக்கொண்டாள்.

"அந்த அட்லாஸ் இன்னும் பரண்மேலே பெட்டியிலே இருக்கு. ரெண்டாம் சனிக்கிழமை வந்தா எடுத்துக் காட்டறேன். ஏரிக்கரைக்கும் போகலாம். நீ பொறந்த ஊரை நீயே சரியாப் பார்த்ததில்லே. வரியா?"

அலுவலகத்தில் அந்த வாரம்தான் மலர் வேலை இருக்கிறது. பழக்க தோஷம், என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது:

"பார்க்கலாம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"வருகிறேன் அம்மா" என்றேன்.